ஞாயிற்றுக்கிழமைச் சந்தை தொடங்கப் போகிறீர்களா? வியாழக்கிழமையிலிருந்து ஆரம்பியுங்கள்

ஊரில் வாரம் ஒருமுறை சின்னதாக ஒரு சந்தை போட வேண்டும், விளைவித்தவரே வந்து விற்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று பலர் கேட்கிறார்கள். தாராபுரம் பக்கம் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற சந்தையை வைத்து இதை எழுதுகிறேன். பத்துப் பதினைந்து கடை அளவுதான். நூறு கடை போடும் திட்டம் உங்களிடம் இருந்தால் இது உதவாது. நோட்டீஸ் அடிப்பது, முகநூலில் போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: விற்பவர் முதலில், இடம் அப்புறம்

பெரும்பாலும் முதலில் இடத்தைப் பிடித்துவிட்டுத்தான் ஆள் தேடுகிறார்கள். இடம் கிடைத்த உற்சாகத்தில் தேதியையும் அறிவித்துவிடுவார்கள். அன்றைக்கு மூன்று பேர் அரிசி மூட்டையோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

கீரை வைத்திருப்பவரை முதலில் பிடியுங்கள். மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும் பார்க்க அழகுதான், ஆனால் அரிசியை மாதம் ஒருமுறைதான் வாங்குவார்கள். கீரையும் தக்காளியும் வாராவாரம் வேண்டும். வாடிக்கையாளரை வாராவாரம் வரவைப்பது கீரைக்காரர். அவர் வராத வாரம் பக்கத்துக் கடைகளிலும் கூட்டம் குறையும். அவருக்கு அடுத்து நாட்டுக்காய், வாழை, தேங்காய், முட்டை. அரிசி, பருப்பு, செக்கு எண்ணெய் கடைசியில் சேரட்டும்.

யார் விற்கலாம் என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். தமிழ்நாட்டில் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அங்கே கடை போட உழவர் அடையாள அட்டை வேண்டும். அதிகாரிகள் நிலத்தைச் சரிபார்த்த பிறகுதான் அட்டை கிடைக்கும். நாம் அட்டை அடிக்க வேண்டியதில்லை, ஆனால் காட்டை (எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்போம்) ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பதை மட்டும் விடவே கூடாது. மண்டியில் எடுத்த காயைச் சாக்கு மாற்றிக் கொண்டுவருபவர் எல்லாச் சந்தைக்கும் வருவார். தாராபுரம் வெயிலில் சொந்தக் காட்டு கேரட் என்று ஒருவர் சொன்னால், அந்தக் காட்டைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

பக்கத்துக் காட்டுக்காரர் காயைச் சேர்த்துக் கொண்டுவரலாமா? வரலாம் என்பது என் கட்சி. யாருடைய காய் என்று பலகையில் எழுதிவிட்டால் போதும்.

படி 2: இடம்

மரநிழல், வண்டி நிறுத்த இடம், பெண்களுக்குக் கழிப்பறை. இந்த மூன்றும் இருந்தால் பள்ளி மைதானமோ கல்யாண மண்டபத்து வாசலோ எதுவானாலும் சரி. கழிப்பறையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விடியற்காலையில் குட்டியானை வண்டியில் வந்து இறங்கும் அக்காக்கள் மதியம்வரை அங்கேதான் இருக்கிறார்கள்.

ஊரில் ஏற்கெனவே வாரச்சந்தை இருந்தால், அங்கே சுங்கம் வசூலிக்கும் உரிமையை உள்ளாட்சி ஏலம் விட்டிருக்கும். ஏலம் எடுத்தவரின் பிழைப்பு அது. அதே கிழமையில், அதே தெருவில் போய்ப் போட்டுவிட்டுச் சண்டைக்கு நிற்காதீர்கள். தனியார் இடமாக இருந்தாலும் உரிமம் கேட்கக்கூடும் என்பதால் ஊராட்சியிலோ நகராட்சியிலோ முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். இடத்துக்காரரின் சம்மதக் கடிதம் ஒரு நகல் கையில் இருக்கட்டும். காவல் நிலையத்துக்கும் ஒரு தகவல்.

படி 3: தராசு

கூறு கட்டி விற்பவருக்குத் தராசு வேண்டாம். மற்றவர்கள் எல்லாரிடமும் முத்திரை போட்ட தராசு இருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை புதுப்பிக்க வேண்டும். எடைக்கல்லுக்கும் தட்டுத் தராசுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் அலுவலகத்தில் செய்துகொள்ளலாம். ஒவ்வொருவரையும் தனித்தனியாக அலையவிடாமல் எல்லாத் தராசையும் சேர்த்து ஒரே நாளில் கொண்டுபோய்விடுங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சமையலறைத் தராசு வேண்டவே வேண்டாம், வியாபாரத்துக்கு அது செல்லாது.

படி 4: காய்க் கணக்கு

இதுதான் எங்களை ரொம்ப நாள் இழுத்தடித்த படி. அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரம் முழுக்க முருங்கை. கோடையில் காய்ப்பு உச்சத்தில் இருக்கும்போது எல்லார் வண்டியிலும் முருங்கைதான் இறங்கும். ஒரு வீட்டுக்கு வாரத்துக்கு எத்தனை முருங்கைக்காய் வேண்டும்? நான்கு, மிஞ்சினால் ஆறு. மிச்சத்தைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போகிறவர் அடுத்த வாரம் தயங்குவார், அதற்கடுத்த வாரம் நின்றுவிடுவார். அதே சமயம் வாடிக்கையாளர் "கத்தரிக்காய்கூட இல்லையா" என்று கேட்டுவிட்டுக் கடைவீதிக்குப் போய்விடுவார். விற்காமல் போனதும் கிடைக்காமல் போனதும் ஒரே நாளில் நடக்கும்.

இதற்கு வழி, எதிர்பக்கத்திலிருந்து கணக்குப் போடுவது. நூறு குடும்பம் வருகிறது என்று வையுங்கள். பாதிப் பேர் ஒரு கிலோ தக்காளி வாங்கினால் ஐம்பது கிலோ. வீட்டுக்கு மூன்று முருங்கை என்றால் முந்நூறு காய். மூன்று பேர் கொண்டுவந்தால் ஆளுக்கு நூறு. இந்தப் பட்டியலை ஒரு நீளமான நோட்டில் காய்வாரியாக எழுதிவிடுங்கள். வலதுபக்கம் இந்த வாரம் யார் எவ்வளவு என்ற கட்டம். இதைக் கணினியில் செய்யலாம் என்று தம்பி ஒருவர் அழகாக அட்டவணை போட்டுக் கொடுத்தார். நோட்டுத்தான் வசதி. ஒரு கையில் போன், ஒரு கையில் பேனா, அதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை.

வியாழக்கிழமை மாலை எல்லாரையும் போனில் கூப்பிடுங்கள். வெள்ளி இரவு கூப்பிட்டால் பயனில்லை, அதற்குள் சனிக்கிழமைப் பறிப்புக்கு ஆள் சொல்லியிருப்பார்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் ஒரு கட்டைவிரல் படம் வரும், அதற்கு என்ன பொருள் என்று யாருக்கும் தெரியாது. போனிலும் "என்னங்க இருக்குது?" என்று கேட்காதீர்கள். "எல்லாம் இருக்குதுங்க, கொண்டாரேன்" என்பார்கள். "வெண்டை எத்தனை கிலோங்க, அரைக்கீரை எத்தனை கட்டுங்க?" என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். "இந்த வாரம் முருங்கை எண்பது போதுங்க, கொத்தவரை கொஞ்சம் சேர்த்துக் கொண்டாங்க" என்று நாமும் எண்ணிக்கையாகவே சொல்ல வேண்டும்.

முருங்கையைக் குறைக்கச் சொன்னால் மனத்தாங்கல் வரும். அதற்காகத்தான் முறை வைத்தோம். இந்த வாரம் மூன்று பேர், அடுத்த வாரம் வேறு மூன்று பேர். வரிசை நோட்டில் இருப்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: மண்டிக்குப் போடுவதை நிறுத்த வேண்டாம். வாரத்தில் ஒரு காலை நடக்கும் சந்தையால் ஒரு காட்டின் விளைச்சல் முழுவதையும் விற்றுக்கொடுக்க முடியாது.

படி 5: விலையும் மிச்சமும்

உழவர் சந்தையில் மொத்த விலையைவிடச் சற்றுக் கூடவும், சில்லறை விலையைவிடக் குறைவாகவும் அன்றன்று விலை வைப்பார்கள், பலகையில் எழுதிவிடுவார்கள். முறை நல்லது. நாங்கள் மாதத்துக்கு ஒருமுறை விற்பவர்களோடு உட்கார்ந்து ஒரு விலை பேசிக்கொள்கிறோம். தக்காளிக்கும் சின்ன வெங்காயத்துக்கும் மட்டும் வாராவாரம்.

கடைசி அரைமணியில் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதை அனுமதிக்காதீர்கள். ஆரம்பித்தால் வாடிக்கையாளர் எல்லாரும் கடைசி அரைமணிக்கே வருவார்கள். மிச்சத்தை ஒரு மெஸ்ஸோ விடுதிச் சமையலறையோ எடுத்துக்கொள்ளும்படி முன்பே பேசிவையுங்கள். கொசுறாகக் கறிவேப்பிலை, கொத்தமல்லி கொடுப்பது வேறு விஷயம், அது இல்லாமல் சந்தையே இல்லை.

தரைவாடகை எல்லாருக்கும் ஒரே சிறு தொகையாக இருக்கட்டும். விற்பனையில் சதவீதம் என்று வைத்தால் எவ்வளவு விற்றது என்று நீங்கள் கண்காணிக்க வேண்டும், உறவு கெடும். பணம் வாங்க ஒவ்வொரு கடைக்கும் அவரவர் க்யூஆர் அட்டை. பொதுவாக ஒன்று வைத்துப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்பவர்களிடம், திங்கட்கிழமை அந்தக் கணக்கை நீங்களே பாருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

பின்னர் சேர்த்தது

ஊறுகாய், பொடி, முறுக்கு விற்கலாமா என்று பின்னூட்டத்தில் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். உழவர் தன் விளைச்சலை அப்படியே விற்பதற்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006 பொருந்தாது. அதைச் சமைத்தோ அரைத்தோ விற்றால் பொருந்தும். சிறு வியாபாரத்துக்குப் பதிவு மட்டும் போதும், ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். பதிவு எண் இல்லாத பொடிக்கடைக்கு நாங்கள் இடம் கொடுப்பதில்லை. செக்கு எண்ணெயைத் தகர டின்னிலிருந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கக் கூடாது. சீல் வைத்து, விவரச்சீட்டு ஒட்டித்தான் விற்க வேண்டும். "பாட்டிலை நாங்களே கொண்டுவருகிறோமே" என்றாலும் முடியாது.

பை பற்றி: 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை. இலவசமாகத் துணிப்பை கொடுத்துப் பார்த்தோம், அடுத்த வாரமும் வெறுங்கையோடுதான் வந்தார்கள். மஞ்சப்பைக்குக் காசு வாங்க ஆரம்பித்ததும் வீட்டிலிருந்து பை வர ஆரம்பித்தது.

மழை பற்றி ஒரு வாசகர் கேட்டது: ஐப்பசி, கார்த்திகையில் என்ன செய்வது? பக்கத்தில் கூரை உள்ள மாற்று இடம் ஒன்றைப் புரட்டாசிக்குள் பேசிவிடுங்கள். இடம் மாறுகிறதா என்பதைச் சனிக்கிழமை மதியம் நான்கு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். ஞாயிறு விடியற்காலை மழையைப் பார்த்துவிட்டு ரத்து என்று குழுவில் போட்டால், கீரை அதற்குள் அறுத்துக் கட்டாகியிருக்கும்.