தீயில் மிஞ்சிய துணிகளில் ஒட்டுப்போர்வை தைப்பது எப்படி

பங்குனி மாதத்தில் ஒரு இரவு மின்னொழுக்கால் மட்டக்களப்பு, கல்லடியில் உள்ள எங்கள் வீட்டின் பின் அறை எரிந்தது. நான் தைக்கிற அறை. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இருபது வருடமாகச் சேர்த்த வெட்டுத்துண்டுகள், பாதியில் நின்ற இரண்டு போர்வைகள், அம்மாவின் சேலைகள் எல்லாம் அந்த அறையில்தான் இருந்தன. மறுநாள் காலை மாமி வந்து பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் வாரிக் குப்பையில போடு மனே, புதுசு வாங்குவம்" என்றார். என் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். அன்றைக்கு நான் அதைக் கேட்டிருந்தால் இன்று என் மகள் போர்த்துகிற போர்வை இருந்திருக்காது.

ஊசி பிடித்தே பழக்கமில்லாதவரும் செய்யும்படி எழுதுகிறேன். தையல் மெசின் வேண்டாம். என் மெசினின் இரும்பு மட்டும்தான் மிஞ்சியது, அதனால் நானும் இதைக் கையால்தான் தைத்தேன்.

முதலில், தொடுவதற்கு முன்

மின்சாரத்தை நிறுத்தி, வீட்டுக்குள் போகலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்ன பிறகே உள்ளே போங்கள். முகக்கவசமும் றப்பர் கையுறையும் கட்டாயம். கரித்தூசி நெஞ்சுக்கு ஆகாது, பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். ஒரு துணியைக்கூட அசைக்க முன் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். காப்புறுதியோ நிவாரணமோ கேட்கப் போகும்போது, துவைத்து மடித்த துணி எதையும் நிரூபிக்காது.

தீயணைக்க ஊற்றிய தண்ணீரில் நனைந்தவைதான் அவசரம். ஈரம் ஒன்றிரண்டு நாள் தங்கினாலே பூஞ்சணம் பிடித்துவிடும். அவற்றை மட்டும் உடனே கொடியில் விரித்துவிடுங்கள். காய்ந்த துணி காத்திருக்கும்.

பிரித்தெடுத்தல்

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். எனக்கு மூன்று நாள் போனது. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அது யாருடைய சட்டை, எந்தத் தீபாவளிக்கு எடுத்தது என்று மனம் போய்விடும். போகட்டும். அதை அவசரப்படுத்த முடியாது.

பொலியெஸ்டர், நைலோன் துணிகள் சூட்டில் உருகும். ஓரத்தில் கடினமான மணிகள் போல உருண்டிருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள், போர்வையில் இருந்தால் தோலைக் கீறும். என் மேசை லாச்சியில் இருந்த பொலியெஸ்டர் நூற்கட்டைகள் உருகி ஒரே கட்டியாகக் கிடந்தன. தகரப் பெட்டிக்குள் இறுக்கி அடுக்கிய பருத்திச் சேலைகளோ, மேல் மடிப்பு மட்டும் பழுப்பேறி, உள்ளே அப்படியே இருந்தன. ஆகவே பெட்டி கறுத்திருக்கிறது என்று திறக்காமல் வீசாதீர்கள்.

எது பருத்தி என்று அறிய ஒரு இழையைக் கொளுத்திப் பார்க்கச் சொல்வார்கள். நல்ல முறைதான், ஆனால் நம் கையில் இப்போது நெருப்புக்குச்சி வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். துவைத்துப் பழகிய பருத்தி அதை உடனே குடித்துவிடும். பொலியெஸ்டரில் பெரும்பாலும் துளி கொஞ்ச நேரம் நிற்கும். புகை நெய் படிந்த இடத்தில் இந்தச் சோதனை ஏமாற்றும், சுத்தமான உள்மடிப்பில் செய்யுங்கள்.

அடுத்தது இழுத்துப் பார்ப்பது. இரண்டு பெருவிரலுக்கும் இடையில் இரண்டு அங்குலம் விட்டுத் துணியைப் பிடித்து நெடுக்கிலும் குறுக்கிலும் இழுங்கள். தாங்கினால் நல்லது. சூடுபட்ட பருத்தி பார்வைக்கு முழுசாக இருக்கும், இழுத்தால் சரக்கென்று கிழியும். அதை மட்டும் தனியே வையுங்கள், எறிய வேண்டாம்.

புகையை எடுப்பது

பெரும்பாலானவர்கள் பிழைவிடுகிற இடம் இதுதான். புகைக்கரியில் எண்ணெய்ப் பசை உண்டு. ஈரத்துணியால் துடைத்தாலோ கையால் தேய்த்தாலோ அது இழைக்குள் இறங்கிவிடும். வெளியே கொண்டுபோய், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மெதுவாக உதறுங்கள். தட்டி அடிக்கக் கூடாது. மணம் முழுவதும் போகும்வரை இஸ்திரிக்கைப் பெட்டியை அருகில் கொண்டு வராதீர்கள். சூடு கறையையும் மணத்தையும் நிரந்தரமாக்கிவிடும்.

அப்புறம் 10 லீற்றர் வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை அப்பச்சோடா கரைத்து இரவு முழுவதும் ஊறவிடுங்கள். மறுநாள் சலவைத்தூளில், சூடில்லாத தண்ணீரில், கசக்கிப் பிழியாமல் அமுக்கி அமுக்கித் துவையுங்கள். கடைசி அலசலுக்கு அதே அளவு தண்ணீரில் ஒரு கோப்பை வெள்ளை வினாகிரி. அப்பச்சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும், பயன் இல்லை. குளோரின் திரவத்தோடு வினாகிரியைச் சேர்ப்பது அதைவிட மோசம், நச்சுவாயு வரும். பட்டுக்கு அப்பச்சோடா ஆகாது. அதைப் பல நாள் நிழலில் காற்றாட விடுவதோடு நிறுத்துங்கள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கோடையில் உப்பு. சவர்க்காரம் நுரைக்காது, வெண்படலம்தான் மிஞ்சும். இப்படிப்பட்ட தண்ணீருக்குச் சலவைத்தூளே மேல். மருதமுனைக் கைத்தறி போன்ற அடர்நிறத் துணிகளை முதலில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாகத் துவையுங்கள்.

ஒரே தடவையில் மணம் போகாது. எனக்கு நாலு தடவை ஆனது. வெள்ளைத் துணிகளில் சில தேத்தண்ணி நிறத்திலேயே நின்றுவிட்டன. அதை வெளுக்க நான் மினக்கெடவில்லை. அந்த நிறம் போர்வையில் மிக அழகாக இருக்கிறது, உண்மையாகவே.

வெட்டுவது

கட்டியான அட்டையில் 7 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி, அதை வைத்துக் கோடு போட்டு 70 துண்டுகள் வெட்டுங்கள். வழக்கமாகத் தையலுக்குக் கால் அங்குலம் விட்டாலே போதும். தீ கண்ட துணிக்கு எல்லாப் பக்கமும் அரை அங்குலம் விடுகிறோம். தைத்த பின் ஒவ்வொன்றும் 6 அங்குலமாகும். அகலத்துக்கு 7, நீளத்துக்கு 10 வைத்தால் 42க்கு 60 அங்குலம், சுற்றிவர விட்ட அரை அங்குலத்தோடு 43க்கு 61. நம் ஊர்ச் சூட்டுக்கு இந்த அளவு தாராளம்.

தனியே வைத்த பலவீனமான துணிகளை மெல்லிய பருத்தித் துண்டின் மேல் வைத்துச் சுற்றிவர நூலோடி (ஊசியை மேலும் கீழுமாக விட்டு நேராகத் தைத்து), இரண்டையும் ஒரே துண்டாகப் பாவியுங்கள். அம்மாவின் மஞ்சள் சேலைக்கரை ஒன்று தொட்டாலே உதிர்ந்தது. அதற்கு அடியில் பருத்தி, மேலே மெல்லிய வலைத்துணி வைத்துத் தைத்தேன். வலைக்கு ஊடாகக் கரையின் பூவேலை இன்னும் தெரிகிறது. ஆனால் அப்படி ஒன்றிரண்டு போதும். முழுப் போர்வையும் உதிர்கிற துணியில் தைத்தால் முதல் துவையலுக்கே நிற்காது.

இணைப்பது

துண்டுகளை நிலத்தில் பரப்பி, அடர்நிறமும் வெளிர்நிறமும் மாறிமாறி வரும்படி அடுக்குங்கள். பிடித்தபடி வந்ததும் ஒரு படம் எடுங்கள். பூனையோ பிள்ளையோ கலைத்தாலும் கவலை இல்லை.

இரண்டு துண்டின் நல்ல பக்கங்களை உட்புறமாகச் சேர்த்து, ஓரத்திலிருந்து அரை அங்குலத்தில் பருத்தி நூலால் நூலோடுங்கள். அங்குலத்துக்கு ஆறு தையல் போதும். நாலைந்து தையலுக்கு ஒருமுறை பின்னே போய் ஒரு தையல் போட்டால் நூல் தளராது. ஏழு துண்டு ஒரு வரிசை. தையல் ஓரங்களை நகத்தால் நீவி, முதல் வரிசையில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் சாய்த்தால் மூலைகள் தடிக்காமல் சேரும். பத்து வரிசையையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தையுங்கள்.

அடுக்கித் தைப்பது

அடித்துணிக்கு ஒரு சாறம் (லுங்கி). மூட்டுத் தையலைப் பிரித்தால் கிட்டத்தட்ட இரண்டு மீற்றர் நீளத் துணி கிடைக்கும். அகலம் 45 அங்குலமாவது இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். நடுவில் பஞ்சு வேண்டாம், பழைய பருத்திச் சேலை ஒரு மடிப்பு போதும்.

சாறத்தின் உட்புறம் மேலே வர விரித்து, மூலைகளில் பாரம் வையுங்கள். நான் அம்மிக் குழவியையும் செங்கல்லையும் வைத்தேன். மேலே சேலை, அதற்கு மேல் துண்டுப் பக்கம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சாணுக்கு ஒரு ஊக்குக் குத்துங்கள். அதே ஒழுங்கில், இணைப்புக் கோடுகளுக்குக் கால் அங்குலம் தள்ளி மூன்று மடிப்பையும் சேர்த்து நூலோடுங்கள். கை நடுங்கி வரி கோணினால் பிரிக்காதீர்கள். பிரித்துத் தைப்பதில் இந்தத் துணிதான் நொந்துபோகும். நாளைக்கு ஒரு வரிசை என்றால் மூன்று வாரத்துக்குள் முடியும். எனக்குச் சில நாட்களில் ஒரு வரி கூட ஓடவில்லை, சும்மா மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

கடைசியில் நடுச் சேலையைத் துண்டுப் பக்கத்தோடு சமமாக வெட்டி, சாறத்தை மட்டும் சுற்றிவர ஒரு அங்குலம் கூட விடுங்கள். அந்த ஓரத்தை அரை அங்குலம் அரை அங்குலமாக இரண்டு முறை முன்பக்கம் மடித்து, சிறு தையலால் மூடுங்கள்.

மாரிக்காலத்தில் ஈரக்காற்றுப் பட்டதும் மெல்லிய புகை மணம் திரும்ப வரலாம். தைத்ததில் பிழை என்று நினைக்காதீர்கள். வெயில் எறிக்கிற நாளில் கொடியில் போட்டு, பின்னேரம் கடற்காற்றில் ஈரம் ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள்.