பக்கத்துப் பூங்காவில் பறவைப் படம்: முதல் காலைக்கான செய்முறை

பறவைகளைப் படம் எடுக்க ஆசை வந்தவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "என்ன லென்ஸ் வாங்கலாம்?" அடுத்தது, "வேடந்தாங்கலுக்கு எப்போது போகலாம்?" இரண்டும் கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பூங்காவுக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள்.

காரணம் இருக்கிறது. வேடந்தாங்கலில் பறவைகள் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் இருக்கும், நாம் கரையில் இருப்போம். சாதாரண 300 மி.மீ. லென்ஸில் நத்தைகுத்தி நாரை ஒரு வெள்ளைப் பொட்டாகத்தான் விழும். பூங்காவில் அப்படி இல்லை. நான் வழக்கமாகப் போவது சென்னை அண்ணா நகர் டவர் பூங்கா. 1968-ல் நடந்த வர்த்தகக் கண்காட்சிக்காக எழுப்பிய கோபுரத்தைச் சுற்றி இருக்கும் பூங்கா அது. விடிந்தும் விடியாமலும் நடைப்பயிற்சிக்காரர்கள் நிறைந்துவிடுவார்கள். இத்தனை கூட்டத்தில் என்ன பறவை வரும் என்று தோன்றும். ஆனால் அந்தக் கூட்டம்தான் நமக்குப் பெரிய உதவி. நடைபாதையில் போகிற மனிதரால் ஆபத்து இல்லை என்று அங்குள்ள பறவைகள் பழகி வைத்திருக்கின்றன. பாதையிலேயே நில்லுங்கள், ஐந்தடி தள்ளி மைனா புழு பொறுக்கும். பாதையை விட்டுப் புல்லில் ஒரு கால் வையுங்கள், அதே மைனா எழும்பிவிடும். இதை ஒரு முறை செய்து பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

படி 1: முந்தின நாள் இரவு

பேட்டரியைச் சார்ஜ் போடுங்கள். மெமரி கார்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். ஏசி அறையில் வைத்திருந்த கேமராவை அப்படியே காலைப் புழுக்கத்தில் எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனி பூத்துவிடும். துடைத்தாலும் மறுபடி பூக்கும். நல்ல வெளிச்சம் இருக்கும் முதல் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். ஆகவே கேமராப் பையை இரவே ஏசி இல்லாத அறைக்கு மாற்றிவிடுங்கள். பைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் கிடக்கட்டும், லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும்.

என்ன கேமரா? கையில் இருப்பது போதும். கேமராவோடு வந்த 55-250 அல்லது 70-300 லென்ஸ் பூங்காவுக்குத் தாராளம். சென்சார், அதாவது படத்தைப் பதியும் சில்லு, சிறியதாக உள்ள ஏபிஎஸ்-சி வகைக் கேமராவில் 300 மி.மீ. என்பது கிட்டத்தட்ட 450 மி.மீ. அளவுக்கு நெருங்கித் தெரியும். லென்ஸ் மாற்ற முடியாத, நீண்ட ஜூம் உள்ள கேமராவிலும் அருமையான படங்கள் வரும். கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது என்றால் பறவையை நெருக்கமாகக் காட்ட முயல வேண்டாம். மரம், குளம், வானம் எல்லாம் சேர்ந்த இடத்தில் பறவை சிறியதாக இருக்கும் படத்தை எடுங்கள். அப்படி எடுத்த படம் அந்த இடத்தின் கதையையும் சேர்த்துச் சொல்லும்.

படி 2: வாசலில்

சில பூங்காக்களில் கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு, சிலவற்றில் அனுமதிக் கடிதம் கேட்பார்கள். காவலாளி அண்ணனிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். அப்படியே "இங்கே ஆந்தை இருக்காண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தோட்ட வேலை செய்கிற அக்காவுக்கும் காவலாளிக்கும் தெரிகிற பொந்துகள் வேறு யாருக்கும் தெரியாது.

சூரிய உதயத்துக்கு அங்கே இருக்க வேண்டும். சென்னையில் ஜனவரியில் ஏறக்குறைய ஆறரை மணி, ஜூனில் ஆறுக்கும் முன்பே. எட்டரைக்கு மேல் வெயில் கடுத்துவிடும், பறவைகளும் இலைக்குள் ஒதுங்கிவிடும்.

படி 3: கேமரா கையில், பட்டனில் இருந்து விரலை எடுங்கள்

முதல் இருபது நிமிடம் படம் எடுக்காமல் ஒரு சுற்று நடந்து வாருங்கள். எந்த மரம் காய்த்திருக்கிறது, எந்தச் செடி பூத்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஆலோ, அரசோ, அத்தியோ பழுத்திருந்தால் அன்றைக்கு நீங்கள் வேறெங்கும் போக வேண்டாம். குக்குறுவான், குயில், சின்னான், மைனா எல்லாம் அங்கேதான் வந்து போகும். செம்பருத்தியும் இட்லிப்பூவும் இருந்தால் தேன்சிட்டு வரும். கம்பியிலோ காய்ந்த கிளை நுனியிலோ ஒரு கரிச்சான் உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பறந்து போய்ப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே நுனிக்குத்தான் திரும்பி வரும்.

காதையும் திறந்து வையுங்கள். செம்பைத் தட்டுவது போல "டுக், டுக், டுக்" என்று விடாமல் கேட்டால் அது செம்மார்புக் குக்குறுவான். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்தித் தீர்த்தால் அங்கே பாம்போ, பூனையோ, மேலே வல்லூறோ இருக்கிறது. அணிலும் சேர்ந்து கத்தினால் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

படி 4: உட்காருங்கள்

இந்த விளக்கத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் தொடங்கிய காலத்தில் குளத்தங்கரையில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி இருந்தது. அந்த நீல முதுகுக்காக நான் கரையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நான் இந்தப் பக்கம் வந்தால் அது அந்தப் பக்கம் போகும். இரண்டு மாதம் கழித்து என்னிடம் இருந்தவை எல்லாம் பறந்து போகிற பறவையின் வால்கள். ஒருநாள் முழங்கால் வலி தாங்காமல் கல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். அது தானாக வந்து எனக்கு எதிரே, தண்ணீருக்கு மேல் நீண்ட கிளையில் அமர்ந்தது. தலையைத் தாழ்த்தி என்னை ஒரு முறை பார்த்தது. அப்புறம் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு எடுத்த படம் இன்னும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

நாம் பின்தொடர்ந்தால் பறவைக்கு நாம் வேட்டை விலங்கு. உட்கார்ந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் நாமும் ஒரு பெஞ்சு, ஒரு புதர். எனவே முந்தின படியில் பார்த்து வைத்த மரத்துக்கோ கிளைக்கோ எதிரே, வெயில் முதுகில் படும்படி உட்காருங்கள். உங்கள் நிழல் பறவை இருக்கும் பக்கம் விழுகிறதா என்று பார்த்தால் போதும், திசை சரி. பளிச்சென்ற வெள்ளைச் சட்டை வேண்டாம். நாற்பது நிமிடம் இடத்தை மாற்றாதீர்கள்.

தரையில் மேயும் பறவை என்றால் நீங்களும் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். குளக்கரை மடையானை நின்றுகொண்டு எடுத்தால் பின்னணி முழுக்கச் சேறு. அதன் கண் உயரத்துக்கு இறங்கி எடுத்தால் பின்னால் இருப்பது அக்கரையின் பசுமை, அதுவும் மங்கலாகப் பட்டுத்துணி போல வரும். செலவில்லாமல் படத்தை இந்த அளவுக்கு மாற்றும் வழி வேறு எனக்குத் தெரியவில்லை.

படி 5: கேமராவை அமைக்கும் விதம்

ஆட்டோவில் இருந்து வெளியே வாருங்கள். தொடக்கத்துக்கு ஷட்டர் முன்னுரிமை மோடு எளிது: ஷட்டர் எத்தனை நொடி திறந்திருக்க வேண்டும் என்பதை நாம் வைப்போம், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். கேனானில் 'டிவி' (Tv) என்றும், நிக்கான், சோனியில் 'எஸ்' (S) என்றும் இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடி. ஓயாமல் துள்ளும் தேன்சிட்டு, தையல்சிட்டுக்கு 1/1000. பறக்கும் பறவைக்கு 1/2000. ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற அளவை, ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பு 3200 என்று வையுங்கள். புதிய கேமரா என்றால் 6400 வரை போகலாம். கொஞ்சம் மணல் தூவியது போல வந்தாலும் படம் படம்தான். ஆடிப்போன படத்தை எதுவும் காப்பாற்றாது.

ஃபோகஸை, நகரும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் போடுங்கள்: கேனானில் 'சர்வோ' (Servo), மற்றவற்றில் 'ஏஎஃப்-சி' (AF-C). பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கண் மேல் நிறுத்துங்கள். வால் மங்கினால் பரவாயில்லை. கண் மங்கினால் அந்தப் படம் இல்லை.

இனி எல்லோரும் இடறுகிற இடம். கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெளிர் வானத்துக்கு எதிரே கரிச்சானை எடுத்தால், வானத்தை அடக்குகிறேன் என்று பறவையை வெறும் நிழலாக்கிவிடும். இருண்ட தண்ணீருக்கு எதிரே கொக்கை எடுத்தால், தண்ணீரை வெளுப்பாக்கப் போய் கொக்கின் இறகெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். கேமராவில் கூட்டல், கழித்தல் குறி போட்ட பட்டன் ஒன்று இருக்கும். வானத்துக்கு எதிரே கறுப்புப் பறவை என்றால் கூட்டல் 1 அல்லது 1.5. இருட்டுக்கு எதிரே வெள்ளைப் பறவை என்றால் கழித்தல் 0.7 அல்லது 1. காக்கையையும் உண்ணிக்கொக்கையும் வைத்து ஒரு காலை முழுக்க இதை மட்டும் பழகுங்கள். இரண்டுக்கும் பஞ்சமே இல்லை.

பட்டனை அழுத்தும் முன் பறவையின் பின்னால் ஒரு பார்வை. தலைக்குப் பின்னே வானம் ஓட்டையாகப் பளிச்சிடுகிறதா? உடம்பை அரையடி சாய்த்தால் அந்த ஓட்டை இலையால் மூடிக்கொள்ளும். பறவை பார்க்கிற பக்கம் படத்தில் கொஞ்சம் வெறுமை இருக்கட்டும். கண்ணில் ஒரு வெளிச்சப் பொட்டு தெரிகிற நொடிக்காகக் காத்திருங்கள், அது வந்ததும் மூன்று நான்கு படம் தொடர்ச்சியாக எடுங்கள்.

பறக்கும் படம் வேண்டுமா? மடையானில் தொடங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறத்தில் இருக்கிற இடமே தெரியாது, எழும்பினால் இறக்கை முழுக்க வெள்ளை. மெதுவாகத்தான் எழும், தொடர்ந்து போவது எளிது. பெரும்பாலான பறவைகள் காற்றுக்கு எதிராகத்தான் எழும்பும் என்பதால் காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எந்தப் பக்கம் போகும் என்பதும் தெரியும். கழுத்தை நீட்டுவது, உடம்பைத் தாழ்த்துவது, எச்சமிடுவது எல்லாம் கிளம்பப்போகிற அடையாளம்.

படி 6: எப்போது விலக வேண்டும்

மேய்வதை நிறுத்திவிட்டு உங்களையே பார்க்கிறதா? நீங்கள் நெருங்கிவிட்டீர்கள், இரண்டடி பின்னால் போங்கள். புள்ளி ஆந்தை பொந்து வாயில் தலையை மேலும் கீழும் ஆட்டுவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது உங்களைப் பார்த்துக் கலங்கி ஆட்டுகிற ஆட்டம். நான்கு படம் எடுத்தோமா, நகர்ந்தோமா என்று இருங்கள். ஃபிளாஷ் அடிக்காதீர்கள். கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நம்பி அது தீனியையும் குஞ்சுகளையும் விட்டுவிட்டு ஓடி வரும்.

கூட்டைப் படம் எடுக்க வேண்டாம். தெளிவாகத் தெரிவதற்காக ஒரு இலையை விலக்கினால் போதும், காக்கைக்கும் பூனைக்கும் வழி காட்டியாயிற்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்தான் வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

இருநூறு படம் எடுத்திருப்பீர்கள். கண் மங்கியதை எல்லாம் முதலில் அழியுங்கள். இருபது மிஞ்சினால் நல்ல காலை. ஓரத்தை வெட்டுவது, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்குவது, இவ்வளவு போதும். இல்லாத நிறத்தை இறகில் ஏற்றாதீர்கள்.

பெயர் தெரியாத பறவைக்கு 'மெர்லின்' செயலி உதவும். 'இபேர்ட்' தளத்தில் அன்று பார்த்த பறவைகளின் பட்டியலோடு படத்தையும் ஏற்றிவிடுங்கள். உங்கள் தெருமுனைப் பூங்காவுக்கு அதனால் ஒரு பதிவு கிடைக்கிறது. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் பூங்காவில் நின்று எண்ணினாலே அதில் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.

ஒரு சின்ன நோட்டும் போடுங்கள்: தேதி, நேரம், எந்த மரம், என்ன பறவை. சில மாதங்களில் அந்த நோட்டே உங்களுக்கு வழி சொல்லும். என் நோட்டில் மாங்குயிலும் அரசவால் ஈப்பிடிப்பானும் மழைக்காலத்தை ஒட்டித்தான் முதலில் வருகின்றன. அக்டோபரில் பூங்காவுக்குப் போனால் அடர்ந்த புதருக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்று போங்கள். உள்ளே சருகு புரளும் சத்தம் கேட்டால் உட்கார்ந்துவிடுங்கள். தவிட்டுக்குருவியாக இருக்கலாம். வடக்கே இருந்து இரவெல்லாம் பறந்து வந்து இறங்கிய ஆறுமணிக்குருவியாகவும் இருக்கலாம்.