பால் குளியலும் என் வறண்ட காலும்

நகத்தால் லேசாகக் கீறினாலே வெள்ளைக் கோடு விழும். முழங்காலுக்குக் கீழே அப்படி வறண்டு கிடந்தது. கிளியோபாட்ரா கழுதைப் பாலில் குளித்தாள் என்று ஒரு கதை உண்டே, அந்த நினைப்பில் நானும் தொட்டியில் இறங்கினேன்.

முதல் தடவை சொதப்பல். ஆவி பறக்கும் வெந்நீரில் பாலை ஊற்றி, அரை மணி நேரத்துக்கு மேல் ஊறி, சரியாக அலசாமல் எழுந்துவிட்டேன். சாயங்காலம் உடம்பெல்லாம் புளித்த வாடை. தோலோ முன்னைவிட இறுகிப் போனது. தப்பு பாலில் இல்லை, சூட்டில். வெந்நீர் தோலின் சொந்த எண்ணெயையே கழுவிவிடும்.

அப்புறம் மாற்றிக்கொண்டேன். வெதுவெதுப்பான நீர், கொழுப்பு நீக்காத பால் பவுடர் இரண்டு கப், 15 நிமிடம். முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். பாலின் கொழுப்பு மெல்லிய படலமாகத் தோலில் நிற்கும். செத்த செல்களை உதிர்க்கும் லாக்டிக் அமிலம் வேண்டுமென்றால் மோர்தான் சரி. புதுப் பாலில் அது மிகக் குறைவு.

மூன்று வாரத்தில் கோடு விழுவது நின்றது. பாதிப் புகழ் மாய்ஸ்சரைசருக்குத்தான் சேரும் என்று நினைக்கிறேன். நிறம் மாறவில்லை, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். பால் ஒவ்வாமையோ திறந்த புண்ணோ இருந்தால் இந்தப் பக்கமே வராதீர்கள். தொட்டி வழுக்கும், பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள்.