பிரஷர் வாஷர் மக்கர் செய்தால் பம்பைப் பிரிப்பது கடைசி வேலை

பிரஷர் வாஷர், அதாவது தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் மெஷின், பழுதென்று பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பம்பைப் பிரித்து, ஓரிங்கையும் போல்ட்டையும் ஒரு கேரி பேக்கில் போட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் அப்படித்தான் வந்தார். 200 சிசி பெட்ரோல் எஞ்சின், மூன்று பிளஞ்சர் (தண்ணீரைத் தள்ளும் தண்டு) உள்ள பம்ப். "பிரஷரே வர மாட்டேங்குதுங்க. சீல் கிட் புதுசா போட்டும் அதே கதைதானுங்க" என்றார். சீல் என்பது பிளஞ்சரைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் பிடிக்கும் வளையம். நான் பம்பைத் தொடவில்லை. கன் முனையில் இருந்த நாசிலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். துளை தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. அடைப்பெடுக்க என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். கோணி ஊசியாம்!

பம்ப் வேலை தண்ணீரைத் தள்ளுவது மட்டும்தான். அந்தத் தண்ணீர் சின்னத் துளை வழியே நெருக்கியடித்துப் போவதால்தான் பிரஷர் ஏறுகிறது. துளையின் பரப்பு 10 சதவீதம் கூடினாலே 150 பார் (பிரஷரின் அளவு) வர வேண்டிய இடத்தில் சுமார் 124 பார்தான் வரும். அதனால் பிரஷர் குறைந்தால் முதலில் புது நாசில் போட்டுப் பாருங்கள். அடைப்பெடுக்க, நாசிலோடு வரும் மெல்லிய கம்பி போதும். பிறகு பின்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர் வரும் வழி. கன் கையில் உதறுகிறது, ஓஸ் துள்ளுகிறது என்றால் பலரும் வால்வு போச்சு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் பம்புக்குத் தண்ணீர் பற்றாது, அல்லது இன்லெட் ஓஸின் கிளிப் தளர்ந்து காற்றை உறிஞ்சும். பம்ப் நிமிடத்துக்கு 15 லிட்டர் கேட்கும் ரகம் என்றால், அந்த ஓஸைக் கழற்றி 15 லிட்டர் பக்கெட்டில் விட்டுப் பாருங்கள். முக்கால் நிமிடத்துக்குள் நிறைந்தால் கவலையில்லை. ஒரு நிமிடம் தாண்டினால் குறை பம்பில் இல்லை. இன்லெட் ஃபில்டரையும் எடுத்துப் பாருங்கள். பண்ணைத் தொட்டித் தண்ணீரில் இறகும் சுண்ணாம்பும் வந்து அடைத்திருக்கும். ஃபில்டர் அடிக்கடி அடைக்கிறதென்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. அப்போது தண்ணீரில் வரும் மணல் நேராக வால்வுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் தாராளமாக வந்தும் உதறல் நிற்கவில்லையா, அப்போது ஸ்பேனரை எடுங்கள். அப்போதும் முதலில் பம்பின் ஆறு வால்வுகளை மட்டும் திறந்து பார்த்தால் போதும்.

என் கணக்கில் பம்பைச் சாகடிப்பதில் முதலிடம் கன்னை விட்டுவிட்டு எஞ்சினை ஓடவிடுவதற்குத்தான். டிரிகரை விட்டதும் அன்லோடர் வால்வு தண்ணீரைத் திருப்பி பம்புக்கே அனுப்புகிறது. அதே கொஞ்சம் தண்ணீர் உள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடாகும். சில பம்புகளில் சுமார் 60 டிகிரியில் திறந்து சுடுதண்ணீரை வெளியே விடும் வால்வு இருக்கும். இல்லாதவற்றில் சீல்தான் வேகும். இரண்டு நிமிடத்துக்கு மேல் அடிக்காமல் இருக்கப் போகிறீர்கள் என்றால் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். பிரஷர் பற்றவில்லை என்று அன்லோடர் திருகை இறுக்குவதும் இதே வகைத் தப்பு. தேய்ந்த நாசிலை அது சரிசெய்யாது. புது நாசில் போட்ட அன்றைக்கு பிரஷர் எகிறி ஓஸ் கிழியும்.

பம்ப் ஆயில் பால் கலந்த டீ மாதிரி தெரிந்தால், தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். ஆயிலை மட்டும் மாற்றினால் பத்தே நாளில் மறுபடி வெளுக்கும். சீலோடு பிளஞ்சரையும் பாருங்கள். கீறல் விழுந்த பிளஞ்சர் புது சீலையும் அறுத்துவிடும்.

எந்த வேலைக்கும் முன்னால் எஞ்சினை நிறுத்தி, தண்ணீரை மூடி, டிரிகரை அழுத்தி உள்ளே நிற்கும் பிரஷரை விட்டுவிடுங்கள். ஓஸில் கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. தோலைத் துளைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே போனால் வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும், உள்ளே சதை கெட்டுக்கொண்டிருக்கும். பிளாஸ்திரி ஒட்டிவிட்டு வேலையைத் தொடராமல், அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷர் தண்ணீர் பட்டது என்று சொல்லுங்கள்.

எஞ்சின் பக்கம் கதை சின்னது. ஸ்டார்ட் ஆகாத எஞ்சின்களில் எனக்கு வருவது பெரும்பாலும் மாசக்கணக்கில் பெட்ரோலோடு நின்றவைதான். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். ஹோண்டா ஜிஎக்ஸ் 200 போன்ற எஞ்சின்களின் பழைய கையேடுகளில் 10 சதவீதம் வரைதான் சொல்லியிருக்கும். நிறுத்தி வைப்பதானால் டேங்க்கையும் கார்ப்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்துவிடுங்கள். சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது என்றால் கார்ப்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட் அடைத்திருக்கிறது, பிளக்கை மாற்றிப் பயனில்லை. ஓடிக்கொண்டே இருந்து பட்டென்று நின்றால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார் பலவற்றில் உண்டு. சரிவில் நிறுத்தினாலும் அது ஏமாந்துபோகும்.

கயிறு இழுக்க வராமல் கல் மாதிரி நின்றால் எஞ்சின் ஜாம் என்று பயப்படாதீர்கள். டிரிகரை ஒரு தடவை அழுத்தி, உள்ளே நிற்கும் பிரஷரை விட்டுவிட்டு இழுத்துப் பாருங்கள். அந்தப் பண்ணைக்காரர் அது தெரியாமல் கயிற்றையும் அறுத்துக்கொண்டுதான் வந்திருந்தார்.