மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பு: வரவு செலவுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் ஏதாவது படித்து வேலைக்குப் போகலாம் என்று யோசிப்பவர்களின் கண்ணில் சீக்கிரமே படுவது, பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜின் மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பு. கட்டணம் குறைவு, சீக்கிரம் முடியும், வேலை கிடைக்கும் என்பார்கள். மூன்றும் பெரும்பாலும் சரிதான். பிரச்சினை, கணக்குப் போட எடுத்துக்கொள்ளும் எண்களில் இருக்கிறது.

கிளினிக்கில் உங்கள் பெயரைக் கூப்பிட்டு, எடையும் பிரஷரும் பார்த்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, "டாக்டர் இப்ப வந்துடுவார்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போகிறாரே, அவர்தான் மெடிக்கல் அசிஸ்டென்ட். ஊசி போடுவது, ரத்தம் எடுப்பது, இசிஜி எடுப்பது, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அனுமதி வாங்கப் போனில் காத்துக்கிடப்பது எல்லாம் இவர் வேலை. நர்ஸ் வேறு, இவர் வேறு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே கணக்கில் இந்த வேலையின் இடைநிலைச் சம்பளம் (பாதிப்பேர் இதற்கு மேல், பாதிப்பேர் இதற்குக் கீழ் வாங்குவார்கள்) வருடத்துக்கு 44,200 டாலர், அதாவது மணிக்கு 21 டாலர் சொச்சம். பத்துப் பதினைந்து வருட அனுபவக்காரர்களும் இதில் அடக்கம் என்பதால், புதிதாகச் சேருகிறவர் பொதுவாக இதற்குக் கீழேதான் தொடங்குவார். 44,200-ஐ முதல் வருடச் சம்பளமாக எழுதிக்கொள்வதே பலரும் செய்யும் முதல் தவறு.

இதைவிடப் பெரிய தவறு, டிகிரிக்குத்தான் சம்பளம் என்று நினைப்பது. ஒரே காலேஜில் இந்தப் படிப்பு பெரும்பாலும் இரண்டு வடிவில் இருக்கும்: ஏறக்குறைய ஒரு வருடச் சர்டிபிகேட், இரண்டு வருட அசோசியேட் டிகிரி. தொழில் சார்ந்த பாடங்களும் கிளினிக்கில் செய்யும் எக்ஸ்டர்ன்ஷிப்பும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. டிகிரியில் கூடுதலாக இருப்பது ஆங்கிலம், கணிதம், உளவியல் போன்ற பொதுப்பாடங்கள். வேலை விளம்பரம் ஒன்றை நிதானமாகப் படித்துப் பாருங்கள். "ஹைஸ்கூல் டிப்ளமோ, அங்கீகாரம் பெற்ற மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பு, சிஎம்ஏ அல்லது ஆர்எம்ஏ அல்லது சிசிஎம்ஏ சான்று, சிபிஆர் கார்டு" என்ற அளவில்தான் பெரும்பாலும் கேட்டிருப்பார்கள். (சிஎம்ஏ, ஆர்எம்ஏ, சிசிஎம்ஏ மூன்றும் மெடிக்கல் அசிஸ்டென்ட்களுக்கான தேர்வெழுதி வாங்கும் சான்றுகள்.) அசோசியேட் டிகிரி என்ற வார்த்தை இருந்தாலும் "இருந்தால் நல்லது" என்ற வரியில்தான் இருக்கும். சிஎம்ஏ தேர்வு எழுதுவதற்கும், அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்திருந்தால் சர்டிபிகேட்டே போதும்.

அப்படியானால் அந்த இரண்டாவது வருடத்தின் விலை என்ன? கல்லூரிக் கட்டணங்களை வருடந்தோறும் தொகுக்கும் காலேஜ் போர்டு அமைப்பின் கணக்குப்படி 2024-25-இல் உள்ளூர் மாணவருக்கான கம்யூனிட்டி காலேஜ் கட்டணம், நாட்டுச் சராசரியாக வருடத்துக்கு 4,050 டாலர். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த வருடம் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளத்தையும் சேர்க்க வேண்டும். மணிக்கு 18 டாலர் என்று வைத்தால்கூட முழுநேர வேலையில் 37,440 டாலர். ஆக இரண்டாம் வருடத்தின் அசல் விலை 41,000 டாலருக்கு மேல். டிகிரிக்காக மணிக்கு ஒரு டாலர் கூடக் கிடைத்தாலும், அதை மீட்க இருபது வருடம் ஆகும். பின்னாளில் கிளினிக் மேனேஜராக வேண்டும், பி.எஸ். என்ற நான்கு வருடப் பட்டம் முடிக்க வேண்டும் என்ற திட்டம் உள்ளவர்களுக்கு அந்தப் பொதுப்பாடங்கள் பயன்படும்தான். அவர்களுக்கும் என் யோசனை, முதலில் சர்டிபிகேட்டை வாங்கி வேலையில் சேர்ந்துவிட்டு, மீதியை மாலை வகுப்பிலோ ஆன்லைனிலோ முடிப்பது.

"காலேஜ் ஸ்கோர்கார்டில் டிகிரிக்காரர்களுக்குச் சம்பளம் அதிகம் என்று போட்டிருக்கிறதே?" என்று கேட்பீர்கள். போட்டிருக்கலாம். அங்கேதான் மூன்றாவது தவறு. மத்தியக் கல்வித்துறையின் அந்தத் தளம் ஒவ்வொரு காலேஜிலும் எந்தப் படிப்பு முடித்தவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று காட்டும், அருமையான தளம். ஆனால் மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்புக்கு அதில் தனி வரி கிடையாது. "அலைட் ஹெல்த் அண்ட் மெடிக்கல் அசிஸ்டிங் சர்வீசஸ்" என்ற ஒரே தலைப்பின் கீழ் பிசியோதெரபி உதவியாளர், ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர், பார்மசி டெக்னீஷியன் எல்லோரும் மெடிக்கல் அசிஸ்டென்ட்களோடு கலந்து கிடக்கிறார்கள். தெரபி உதவியாளர்கள் இருவருக்குமே இடைநிலைச் சம்பளம் 65,000 டாலருக்கு மேல். அந்த வேலைகளுக்கு அசோசியேட் டிகிரி கட்டாயம் என்பதால் அவர்கள் எல்லோரும் டிகிரி வரியில்தான் வருவார்கள். சர்டிபிகேட் வரியில் வரமாட்டார்கள். இப்போது புரிகிறதா, டிகிரி வரி ஏன் கொழுத்துத் தெரிகிறது என்று? உங்கள் காலேஜில் பிசியோதெரபி உதவியாளர் படிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அந்த எண்ணை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று: மத்திய அரசின் உதவித்தொகையோ கடனோ வாங்கிப் படித்தவர்களின் வருமானம் மட்டுமே அதில் இருக்கிறது.

கட்டணத்துக்கு வருவோம். கலிபோர்னியாவில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் என்பது அந்த மாநிலவாசிக்கு மட்டும். வெளியாள் என்று கணக்கில் வந்துவிட்டால் பல மடங்கு. எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) இருப்பவர் மாநிலவாசியாகக் கருதப்படுவாரா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், காலேஜ் அட்மிஷன் ஆபீசில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வருடத்துக்கு 7,395 டாலர் வரை தரும் பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு உதவித்தொகை குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் உண்டு, எச்-4-க்கு இல்லை. எச்-4-இல் படிக்கத் தடையில்லை. வேலைக்கு இஏடி என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். அதுவும் பெரும்பாலும் துணைவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போடும் மனு) அங்கீகாரம் ஆன பிறகுதான். ஐ-140 இன்னும் போடவே இல்லை என்றால், படித்து முடித்த கையோடு சம்பளம் வரும் என்று எழுதியிருக்கும் வரியை அடித்துவிடுங்கள். யூனிபார்ம், தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, போலீஸ் பின்னணிச் சரிபார்ப்பு, தேர்வுக் கட்டணம் என்று சில்லறைச் செலவுகளும் வரிசையாக வரும். எக்ஸ்டர்ன்ஷிப் குறைந்தது 160 மணி நேரம், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், பகல் வேளையில். வேறு வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு அந்த ஒரு மாதம் பெரிய இடி.

நம் வீடுகளில் யாரும் போடாத கணக்கு ஒன்று உண்டு. வீட்டில் ஒருவர் ஐடியில் 1,50,000 டாலர் வாங்குகிறார், இருவரும் சேர்ந்து வரி கட்டுகிறீர்கள் என்று வைப்போம். 2025-ஆம் ஆண்டின் வரி அடுக்குகளின்படி இரண்டாவது சம்பளத்தின் முதல் டாலரிலிருந்தே 22 சதவீதம் மத்திய வரி. சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்குமாக 7.65 சதவீதம். 40,000 டாலர் சம்பளத்தில் 11,860 போய்விடும், மீதி 28,140. மாநில வரி இருந்தால் அது தனி. சின்னக் குழந்தைக்கு டேகேர் மாதம் 1,500 என்றால் 18,000. கையில் நிற்பது பத்தாயிரம் சொச்சம், அதிலிருந்துதான் இரண்டாவது கார். குழந்தை பள்ளிக்கூடம் சேர்ந்ததும் இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடும். அதனால் சேரலாமா என்பதோடு எப்போது சேரலாம் என்பதும் கேள்வி. வேலை செய்யும் வருடங்கள் உங்கள் சொந்தச் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) கணக்கில் ஏறும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

"இதை முடித்துவிட்டு அப்படியே நர்சிங்குக்குப் போய்விடலாம்" என்று சொல்பவர்கள் ஏராளம். அப்படியே எல்லாம் போக முடியாது. நர்சிங்குக்கு லேப்போடு கூடிய இரண்டு செமஸ்டர் உடற்கூறு-உடலியங்கியல் பாடமும் நுண்ணுயிரியலும் கேட்பார்கள். மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பில் வரும் ஒரே ஒரு மனித உடல் பாடம் பெரும்பாலும் அதற்கு ஈடாகாது. 2024 மே கணக்கில் ஆர்என் எனும் பதிவு பெற்ற நர்சுக்கு இடைநிலைச் சம்பளம் 93,600 டாலர், அதற்கு அடுத்த நிலை நர்சான எல்பிஎன்-க்கு 62,340. அந்த ஆர்என் படிப்பும் பல கம்யூனிட்டி காலேஜ்களில் அசோசியேட் டிகிரியாகவே இருக்கிறது; முன்பாடங்களையும் சேர்த்தால் மூன்று வருடம் போல ஆகும். நர்ஸ் ஆவதுதான் முடிவு என்றால், இரண்டு வருட மெடிக்கல் அசிஸ்டென்ட் டிகிரி சுற்றுவழி. ஊரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் இதில் சேருவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பி, நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுதப் பாருங்கள் அம்மா.

தனியார் லாப நோக்குப் பள்ளிகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. எவரெஸ்ட் என்ற பெயரில் இதே படிப்பை விற்ற கொரிந்தியன் காலேஜஸ் 2015-இல் மூடிக்கொண்டது. அதன் மாணவர்கள் ஏறத்தாழ 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை 2022-இல் அரசு தள்ளுபடி செய்தது. எந்தக் காலேஜானாலும் அங்கீகாரம் சிஏஏஎச்இபி அல்லது ஏபிஎச்இஎஸ் அமைப்பிடமிருந்து இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காலேஜுக்கு இருக்கும் பொது அங்கீகாரம் வேறு, இந்தப் படிப்புக்கு இருக்கும் அங்கீகாரம் வேறு. வாஷிங்டன் போன்ற மாநிலத்தில் மாநிலச் சுகாதாரத் துறையின் சான்று இல்லாமல் இந்த வேலையே பார்க்க முடியாது. அங்கே எந்தத் தேர்வுகளை ஏற்கிறார்கள் என்பதையும் சேருமுன் கேளுங்கள்.

கடைசியாக, வேலை தேடும்போது மணிக்கு எத்தனை டாலர் என்பதை மட்டும் பார்ப்பதும் தவறுதான். பெரிய மருத்துவமனைக் குழுமங்கள் பல, ஊழியர் மேற்படிப்புக்குப் பணம் தருகின்றன. வருடத்துக்கு 5,250 டாலர் வரை அதற்கு வருமான வரியும் கிடையாது. கம்யூனிட்டி காலேஜின் ஒரு வருடச் சராசரிக் கட்டணத்தைவிட அது அதிகம். தனி டாக்டர் கிளினிக்கில் மணிக்கு ஒரு டாலர் கூடத் தருகிறார்கள் என்றால் முழு வருடத்துக்கு 2,080 டாலர்தான், அதற்கு வரியும் உண்டு. நேர்முகத் தேர்வில் தயங்காமல் கேளுங்கள்: படிப்பு உதவி எத்தனை மாதம் கழித்துக் கிடைக்கும், பகுதிநேர ஊழியருக்கும் உண்டா, நடுவில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டுமா?