வீட்டுக்கு ஒன்று, அச்சகத்துக்கு ஒன்று: லினக்ஸில் நெட்வொர்க் புரொஃபைல்களை அமைக்கும் முறை

வீட்டு ரூட்டரிலிருந்து வரும் கேபிளையும், வேலை பார்க்கும் அச்சகத்தில் சுவரிலிருந்து வரும் கேபிளையும் ஒரே லேப்டாப்பில் மாறிமாறிச் செருகுகிறவன் நான். வீட்டு ரூட்டர் தானாகவே ஒரு முகவரியைக் கொடுத்துவிடும். அச்சகத்தில் அப்படிக் கொடுக்க டிஹெச்சிபி சர்வர் எதுவும் கிடையாது. அச்சுத்தகடு உண்டாக்கும் சிடிபி இயந்திரத்தோடு இருக்கும் கணினி, ஃபைல் சர்வர், பிரிண்டர்கள் என ஒவ்வொன்றுக்கும் நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கி, அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒதுக்கியது 192.168.10.45. காலையில் அங்கே போனதும் செட்டிங்ஸைத் திறந்து அந்த எண்ணை அடிப்பதும், இரவில் வீடு திரும்பியதும் அதை அழித்துவிட்டுத் தானியங்கிக்கு மாற்றுவதும் நெடுநாள் என் வழக்கமாக இருந்தன. மாற்ற மறந்த இரவுகளில் திரையின் மூலையில் இணைப்பு இருப்பதாகவே காட்டும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. இருப்பதை மாற்றி மாற்றி எழுதாமல் இடத்துக்கு ஒரு புரொஃபைல் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இருக்காது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

ரெட் ஹேட் நிறுவனம் 2004இல் தொடங்கிய நெட்வொர்க்மேனேஜர் என்ற சேவைதான் இன்று பெரும்பாலான லினக்ஸ் டெஸ்க்டாப்களில் இந்த வேலையைப் பார்க்கிறது. ஃபெடோரா, உபுண்டு டெஸ்க்டாப் ஆகியவற்றில் அது முன்பே இருக்கிறது. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸும் 2023இல் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து அதற்கு மாறிவிட்டது. உபுண்டு சர்வரில் மட்டும் இயல்பாக சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற வேறு சேவை இயங்குவதால், இங்கே சொல்லப்போகும் கட்டளைகள் அங்கே பயன்படமாட்டா. டெபியனில் பழைய இன்டர்ஃபேசஸ் கோப்பில் ஒரு கார்டின் பெயர் எழுதப்பட்டிருந்தால், நெட்வொர்க்மேனேஜர் அந்தக் கார்டைத் தொடாமல் விட்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நெட்வொர்க்மேனேஜரில் டிவைஸ் வேறு, கனெக்‌ஷன் வேறு. டிவைஸ் என்பது லேப்டாப்பில் இருக்கும் ஈதர்நெட் கார்டு அல்லது வைஃபை கார்டு. கனெக்‌ஷன் என்பது அந்தக் கார்டு எந்த முகவரியோடு, எந்த டிஎன்எஸ்ஸோடு (தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் சேவை) இயங்க வேண்டும் என்று எழுதிவைத்த குறிப்பு; அதைத்தான் புரொஃபைல் என்கிறோம். ஒரு கார்டுக்கு எத்தனை புரொஃபைல்கள் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் அவற்றில் ஒன்றுதான் அந்தக் கார்டில் இயங்கும்.

கட்டளைகளை இங்கே வாயால் சொல்லும் ஒலிப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில், சிறிய எழுத்திலேயே அடியுங்கள். எல்லாவற்றின் தொடக்கத்திலும் வரும் என்எம்சிஎல்ஐ (nmcli) என்பது நெட்வொர்க்மேனேஜரை டெர்மினலிலிருந்து இயக்கும் கருவி. முதலில் கார்டுகளின் நிலையைப் பார்ப்போம்.

என்எம்சிஎல்ஐ டிவைஸ் ஸ்டேட்டஸ்

என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் ஷோ

முதல் கட்டளை கார்டின் பெயர், வகை, நிலை, அதில் இயங்கும் புரொஃபைல் ஆகியவற்றை நான்கு பத்திகளாகக் காட்டும். இரண்டாவது, சேமிக்கப்பட்டிருக்கும் எல்லாப் புரொஃபைல்களையும் காட்டும். கடைசிப் பத்தியில் கார்டின் பெயருக்குப் பதிலாக இரண்டு சிறு கோடுகள் இருந்தால், அந்தப் புரொஃபைல் இப்போது இயங்கவில்லை என்று பொருள். நீங்கள் ஒன்றும் செய்யாமலே 'வயர்டு கனெக்‌ஷன் 1' என்று ஒன்று பட்டியலில் இருக்கக்கூடும். கேபிள் கார்டுக்கு எவரும் புரொஃபைல் எழுதாதபோது நெட்வொர்க்மேனேஜர் தானே உண்டாக்கிக்கொள்வது அது.

என் கார்டின் பெயர் ஈஎன்பி3எஸ்0. வீட்டுக்கான புரொஃபைலை உண்டாக்கும் கட்டளை இது.

என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் ஆட் டைப் ஈதர்நெட் கான்-நேம் வீடு இஃப்நேம் ஈஎன்பி3எஸ்0

முகவரியைப் பற்றி எதுவும் சொல்லாததால் அது டிஹெச்சிபி வழியாகவே முகவரி கேட்கும். கான்-நேம் என்பதற்குப் பின் வரும் பெயர் நம் விருப்பம்; அதை மட்டும் உண்மையாகவே தமிழ் எழுத்தில் அடிக்கலாம், நெட்வொர்க்மேனேஜர் ஏற்றுக்கொள்கிறது. சில டெர்மினல்களில் பத்திகள் சற்றுக் கோணலாகத் தெரிவதைத் தவிர வேறு இடைஞ்சல் எனக்கு நேர்ந்ததில்லை.

அச்சகத்துக்கான புரொஃபைலை எழுதுமுன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அங்குள்ள கேபிளில் இன்டர்நெட் வராது. இன்டர்நெட் வேண்டுமென்றால் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்தான். கேபிளும் வைஃபையும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால் நெட்வொர்க்மேனேஜர் கேபிளுக்கு 100 என்றும் வைஃபைக்கு 600 என்றும் மெட்ரிக் மதிப்பு வைக்கிறது. குறைந்த எண் உள்ள வழியே வெளியுலகுக்கான எல்லாப் போக்குவரத்தும் போகும். எனவே கேபிள் புரொஃபைலில் கேட்வே ஒன்றை, அதாவது வெளியுலகுக்குப் போகும் வாசலின் முகவரியை, எழுதிவிட்டால், ஹாட்ஸ்பாட் நன்றாக இருந்தும் பக்கங்கள் முட்டுச்சந்தில் போய் நிற்கும். அதற்கு கேட்வேயை எழுதாமல் விடுவதோடு, இந்த வழியே வெளியே போகாதே என்று சொல்லிவிடுவதும் நல்லது.

என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் ஆட் டைப் ஈதர்நெட் கான்-நேம் அச்சகம் இஃப்நேம் ஈஎன்பி3எஸ்0 ஐபிவி4.மெத்தட் மேனுவல் ஐபிவி4.அட்ரஸஸ் 192.168.10.45/24 ஐபிவி4.நெவர்-டிஃபால்ட் யெஸ்

இந்த ஒரு வரியில் தவறு செய்ய இரண்டு இடங்கள் இருக்கின்றன. மெத்தடை மேனுவல் என்று மாற்றுவதையும் முகவரி கொடுப்பதையும் தனித்தனிக் கட்டளைகளாகப் பிரித்து, மெத்தடை முதலில் அடித்தால், முகவரி காலியாக இருக்கக்கூடாது என்று அது மறுத்துவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். முகவரியின் கடைசியில் உள்ள /24, அதன் எந்தப் பகுதி உள்ளூர் நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்வது. அதை விட்டுவிட்டாலோ அது எதிர்ப்பே காட்டாமல் /32 என்று எடுத்துக்கொள்ளும், பிறகு பக்கத்து மேசையில் இருக்கும் பிரிண்டரைக்கூட நம் கணினி உள்ளூர் நெட்வொர்க்கில் இருப்பதாகக் கருதாது. பிழைச்செய்தி வரும் தவறைவிட இந்த இரண்டாவதுதான் அதிக நேரத்தைத் தின்னும்.

இப்போது கைமுறையாக மாற்றிக்கொள்வது எளிது. அச்சகத்தில் 'என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் அப் அச்சகம்' என்றும் வீட்டில் 'அப் வீடு' என்றும் அடித்தால் போதும். ஆனால் கேபிளைச் செருகியதும் தானாகவே சரியான புரொஃபைல் வர வேண்டும் என்றால் சிக்கல் வருகிறது. வைஃபைக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பார்த்து எந்த இடம் என்று கண்டுகொள்ளலாம். கேபிளுக்குப் பெயர் இல்லை, எங்கே செருகினாலும் அது வெறும் கேபிள்தான். நிலையான முகவரி உள்ள புரொஃபைலோ எதையும் சோதித்துப் பார்க்காமல் எந்த இடத்திலும் வெற்றிகரமாக இணைந்துவிடும். தோற்கக் கூடியது டிஹெச்சிபி புரொஃபைல் மட்டுமே. ஆகையால் தோற்கக் கூடியதை முதலில் முயலவிட்டு, அது தோற்றால் மற்றது வரும்படி வரிசைப்படுத்த வேண்டும்.

என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை வீடு கனெக்‌ஷன்.ஆட்டோகனெக்ட்-ப்ரியாரிட்டி 10 கனெக்‌ஷன்.ஆட்டோகனெக்ட்-ரீட்ரைஸ் 1 ஐபிவி4.டிஹெச்சிபி-டைம்அவுட் 40 ஐபிவி4.மே-ஃபெயில் நோ

ப்ரியாரிட்டியின் இயல்பு மதிப்பு 0. எண் பெரிதானால் முந்துரிமை. ரீட்ரைஸை 1 ஆக்காவிட்டால் தோற்ற புரொஃபைலையே இயல்பாக நான்கு முறை முயன்றுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். மே-ஃபெயில் என்பது பலரும் கவனிக்காமல் விடுவது. 192.168.10.45 போன்ற ஐபிவி4 முகவரி கிடைக்காவிட்டாலும், புதிய வகையான ஐபிவி6 முகவரி ஏதாவது கிடைத்திருந்தால் இணைப்பு நிறைவேறியது என்று எடுத்துக்கொள்ளலாமா என்பதே அதன் கேள்வி, இயல்பான விடை ஆம். நமக்கு அது தோல்வியாகக் கணக்கில் வர வேண்டும் என்பதால் நோ.

டைம்அவுட்டை முதலில் நான் 15 நொடி என்றுதான் வைத்திருந்தேன். ஒரு மாலை மின்வெட்டு முடிந்து ரூட்டர் மீண்டும் எழுந்தபோது, அதன் கேபிள் துளையில் விளக்கு உடனே எரிந்துவிட்டது, உள்ளே இருக்கும் டிஹெச்சிபி மட்டும் இன்னும் எழவில்லை. லேப்டாப் 15 நொடி காத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்துகொண்டே அச்சகத்துப் புரொஃபைலுக்குப் போய்விட்டது. நிலையான முகவரி தோற்காது என்பதால் அங்கேயே தங்கியும்விட்டது; கேபிளைப் பிடுங்கிச் செருகிய பிறகுதான் சரியானது. உங்கள் ரூட்டர் எழ எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அதற்கேற்ப எண்ணை வையுங்கள். அச்சகத்தில் ஒவ்வொரு காலையும் நாற்பது நொடி காத்திருப்பது அதற்கான விலை. பொறுமை இல்லாத நாளில் நானே 'அப் அச்சகம்' என்று அடித்துவிடுகிறேன்.

வைஃபையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 'என்எம்சிஎல்ஐ --ஆஸ்க் டிவைஸ் வைஃபை கனெக்ட்' என்று அடித்து நெட்வொர்க்கின் பெயரைக் கொடுத்தால், கடவுச்சொல்லை அது கேட்டு வாங்கிக்கொள்ளும். கட்டளையிலேயே கடவுச்சொல்லை எழுதினால் அது ஷெல்லின் ஹிஸ்டரியில் தங்கிவிடும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டின் புரொஃபைலில் கனெக்‌ஷன்.மீட்டர்டு என்பதை யெஸ் ஆக்கிவிடுங்கள். க்னோம் சாஃப்ட்வேர் போன்ற செயலிகள் அதைப் பார்த்து, தாமாக அப்டேட்களை இறக்கிக் கைப்பேசியின் டேட்டாவைக் கரைக்காமல் இருக்கும்.

மாடிஃபை கட்டளை புரொஃபைலில் எழுதிச் சேமிக்கிறதே தவிர, இயங்கிக்கொண்டிருக்கும் இணைப்பை அந்தக் கணமே மாற்றுவதில்லை. மாற்றம் செயலுக்கு வர அதே புரொஃபைலை மறுபடியும் 'அப்' செய்ய வேண்டும். எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக வேறிடத்தில் இருக்கும் கணினியை மாற்றுகிறவர்கள் இந்த இடைவெளியைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்: ஓடும் புரொஃபைலைத் தொடாமல் புதிதாக ஒன்றை எழுதி, அதை இயக்குமுன் கீழ்க்கண்டதை அடித்துவிடுங்கள்.

சூடோ சிஸ்டம்டி-ரன் --ஆன்-ஆக்டிவ்=120 என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் அப் பழையது

'பழையது' என்ற இடத்தில் இப்போது இயங்கும் புரொஃபைலின் பெயரை வையுங்கள். புதிய முகவரியில் தவறு நேர்ந்து தொடர்பு அறுந்தாலும் இரண்டு நிமிடத்தில் கணினி தானே பழைய புரொஃபைலுக்குத் திரும்பிவிடும். எல்லாம் சரியாக இருந்தால், அந்தக் கட்டளை அறிவித்த டைமரை இரண்டு நிமிடத்துக்குள் நிறுத்திவிட மறக்காதீர்கள்.

புரொஃபைல்கள் ஈடிசி ஃபோல்டருக்குள், நெட்வொர்க்மேனேஜர் என்ற ஃபோல்டரில், சிஸ்டம்-கனெக்‌ஷன்ஸ் என்ற இடத்தில் சாதாரண எழுத்துக்கோப்புகளாக இருக்கின்றன. உபுண்டுவின் புதிய பதிப்புகள் இவற்றை நெட்பிளான் என்ற தன் சொந்த அமைப்புமுறையின் கோப்புகளாக வேறிடத்தில் எழுதுகின்றன. இன்னொரு கணினிக்குக் கொண்டுபோக வேண்டுமானால் கோப்பை நகலெடுத்தாலே போதும். ஆனால் அதன் உரிமையாளர் ரூட் என்ற நிர்வாகப் பயனராகவும், அனுமதி 600 ஆகவும் (உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்) இல்லாவிட்டால் நெட்வொர்க்மேனேஜர் அதைப் படிக்க மறுக்கும். கையால் திருத்திய பிறகு 'என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் ரீலோட்' கொடுக்கும்வரை திருத்தத்தைக் கண்டுகொள்ளவும் செய்யாது. எல்லாப் பயனர்களுக்குமாகச் சேமித்த வைஃபை கடவுச்சொல் இந்தக் கோப்பில் மறைக்கப்படாமல் அப்படியே இருக்கும் என்பதால், உதவி கேட்டு எவருக்காவது அனுப்புமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.

மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஈஎன்பி3எஸ்0 என்ற பெயரில் இருக்கும் 3, கார்டு கணினிக்குள் எந்த பஸ்ஸில், அதாவது எந்த இணைப்புத் தடத்தில், இருக்கிறது என்பதிலிருந்து வருவது. வீட்டுக் கணினியில் ஒரு என்விஎம்இ டிஸ்க்கைப் புதிதாகப் பொருத்தியதும் பஸ் எண்கள் நகர்ந்து அது ஈஎன்பி4எஸ்0 ஆனது; பழைய பெயரோடு கட்டிவைத்த புரொஃபைல் கார்டு இல்லையென்று சும்மா கிடந்தது. அதற்குப் பிறகு அந்தக் கணினியில் பெயருக்குப் பதிலாக கார்டின் மேக் முகவரியோடு (தயாரிப்பிலேயே கார்டுக்குத் தரப்பட்ட அடையாள எண்) புரொஃபைலைக் கட்டியிருக்கிறேன்: கனெக்‌ஷன்.இன்டர்ஃபேஸ்-நேம் என்பதற்கு வெறும் மேற்கோள் குறிகளை மட்டும் கொடுத்துக் காலியாக்கிவிட்டு, 802-3-ஈதர்நெட்.மேக்-அட்ரஸ் என்பதில் கார்டின் மேக் முகவரியை எழுத வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் எதிர்பார்த்த புரொஃபைல் வரவில்லையென்றால், கேபிளைச் செருகுமுன் ஒரு டெர்மினலில் 'ஜர்னல்சிடிஎல் -எஃப் -யு நெட்வொர்க்மேனேஜர்' என்று ஓடவிடுங்கள். இந்தச் சேவையின் பெயரில் மட்டும் என், எம் இரண்டும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். கேபிளைச் செருகியதும் எந்தப் புரொஃபைலை அது முதலில் தொட்டது, டிஹெச்சிபிக்காக எவ்வளவு நேரம் காத்தது, எப்போது கைவிட்டது என்பவை நொடிக் கணக்கோடு வரிசையாக ஓடும்.