சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான வங்கிச் சேவை: தொழில்நுட்பத்தை எங்கிருந்து தொடங்குவது?

சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென்று புதிய செயலி ஒன்றைக் கொண்டுவர நினைக்கும் வங்கி, தன்னிடம் ஏற்கெனவே உள்ள எந்தெந்த விவரங்களை வாடிக்கையாளரிடம் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குகிறது என்பதை முதலில் பட்டியலிட்டுப் பார்க்க வேண்டும். நடப்புக் கணக்கு பல ஆண்டுகளாக அதே வங்கியில்தான் இருக்கும். ஆனாலும் கடன் கேட்டு வருபவரிடம் அந்தக் கணக்கின் அறிக்கையையே அச்சிட்டுக் கையொப்பமிட்டுக் கொண்டுவரச் சொல்வார்கள். காகிதத்துக்குப் பதிலாக பிடிஎஃப் கோப்பைப் பதிவேற்றச் சொல்லிவிட்டு, அதை டிஜிட்டல் மாற்றம் என்று அழைப்பது சற்று மிகைதான். கணக்கு, கடன், அட்டை, ஏற்றுமதி இறக்குமதி ஆகிய பிரிவுகள் தனித்தனியே வைத்திருக்கும் பதிவுகளை ஒரே வாடிக்கையாளர் எண்ணின் கீழ் இணைப்பதே முதல் பணி. விளம்பரத்துக்கு உதவாத, செலவு மிகுந்த பணி அது. ஆனால் அதைச் செய்யாமல் மற்றவற்றில் இறங்கினால் பாதி வழியில் நிற்க நேரும்.

அடுத்து, வந்த பணத்தை உரிய இன்வாய்ஸோடு பொருத்தும் வேலையைக் கவனிக்க வேண்டும். சரக்கு வாங்கியவர் மூன்று இன்வாய்ஸ்களின் தொகையைக் கூட்டி, திருப்பி அனுப்பிய சரக்கின் மதிப்பைக் கழித்து, மீதியை ஒரே தொகையாக அனுப்பிவிடுகிறார். வங்கி அறிக்கையில் தெரிவதோ பாதியில் அறுந்த ஒரு பெயரும், எந்த இன்வாய்ஸோடும் பொருந்தாத ஒரு தொகையும்தான். மாதக் கடைசியில் கணக்கர் படும் பாடு பெரும்பாலும் இதனால் வருவதே. வங்கிகளுக்கு இடையே செய்தி பரிமாறும் ஸ்விஃப்ட் வலையமைப்பில், நாடு விட்டு நாடு பணம் அனுப்ப நெடுங்காலம் பயன்பட்ட எம்டி103 என்ற செய்தி வடிவத்தில், பணம் எதற்காக என்று குறிப்பிட 35 எழுத்துகள் கொண்ட 4 வரிகளே இருந்தன. 2023 மார்ச் முதல் 2025 நவம்பர் வரை படிப்படியாக அதன் இடத்துக்கு வந்த ஐஎஸ்ஓ 20022 என்ற புதிய செய்தி வடிவத்தில், இன்வாய்ஸ் எண், தேதி, கழித்த தொகை ஆகியவற்றைத் தனித்தனியே அனுப்ப முடியும். அந்த விவரமெல்லாம் வங்கிக்குள் வந்து சேர்ந்த பிறகு, அறிக்கை தயாராகும்போது மறுபடியும் பழைய ஒற்றை வரிக்குள் சுருங்கிவிட்டால் வாடிக்கையாளருக்கு என்ன பயன்? அதைச் சிதைக்காமல், நிறுவனம் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளுக்கு ஏபிஐ (இரு மென்பொருள்கள் தாமே தகவல் பரிமாறிக்கொள்ளும் இணைப்பு) வழியாக நேரடியாகச் சேர்ப்பிக்க வேண்டும். உள்நாட்டு வரவுகளுக்கு, வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மெய்நிகர் கணக்கு எண் கொடுத்துவிடலாம். பணம் ஒரே கணக்கில் சேர்ந்தாலும், யார் அனுப்பியது என்ற கேள்வி எழாது.

கடனுக்கு வருவோம். வளரும் நாடுகளில் முறையாகப் பதிவு பெற்ற குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் நிறைவேறாத கடன் தேவை சுமார் 5.2 லட்சம் கோடி டாலர் என்று உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2017இல் மதிப்பிட்டது. ஈடாக வைக்கச் சொத்து இல்லாததும், கையில் உள்ள இருப்புநிலைக் குறிப்பு பழையதாக இருப்பதும் இதற்குரிய காரணங்களில் முக்கியமானவை. நடப்புக் கணக்கின் அன்றாட வரவு செலவைப் பார்த்தாலே, பணம் எந்த வாரத்தில் வருகிறது, வருமானம் ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பியிருக்கிறதா, சம்பள நாளில் இருப்பு தாழ்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். கடன் வரம்பையும் தவணைத் தேதியையும் அந்த ஓட்டத்துக்கு ஏற்ப அமைக்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்குச் சரக்கு கொடுப்போருக்கு வேறொரு வழியும் உண்டு. மெக்சிகோவின் அரசு மேம்பாட்டு வங்கியான நாஃபின் 2001இல் தொடங்கிய திட்டத்தில், சிறு நிறுவனங்கள் தங்களுக்கு வரவேண்டிய தொகையை இணையம் வழியாகக் கடன் நிறுவனங்களிடம் விற்று உடனே பணமாக்கிக்கொண்டன. பணம் கொடுக்க வேண்டியது பெரிய நிறுவனம் என்பதால், அதன் நம்பகத்தன்மையே கடனுக்கு அடிப்படையாயிற்று.

கணினி மதிப்பீடு செய்து கடனை மறுத்தால், காரணத்தைச் சொல்லியாக வேண்டும். ‘மதிப்பெண் போதவில்லை’ என்பது காரணமாகாது. ‘வருமானத்தில் பெரும்பகுதி ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது’ என்று சொன்னால், அவர் அடுத்த முறைக்குள் அதைச் சரிசெய்யப் பார்ப்பார்.

தனிநபர் செயலியையே நிறம் மாற்றி நிறுவனங்களுக்குக் கொடுக்காதீர்கள். கணக்கர் பணம் அனுப்பும் ஆணையைத் தயாரிக்கவும், உரிமையாளர் தம் கைபேசியில் ஒப்புதல் தரவும், தணிக்கையாளர் பார்வையிட மட்டும் தனித்தனி அனுமதிகள் வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கடவுச்சொல் எல்லோர் கையிலும் புழங்கும்.

வழக்கமாகச் சரக்கு தருபவரின் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி, ‘எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது’ என்று சொல்லும் மோசடி, குறிப்பாக நிறுவனங்களையே குறிவைக்கிறது. கணக்கு எண்ணும் பெயரும் பொருந்துகின்றனவா என்று பணம் போவதற்கு முன்பே சரிபார்க்கும் முறையைப் பிரிட்டனின் பெரிய வங்கிகள் 2020இலும், யூரோ மண்டல வங்கிகள் 2025 அக்டோபரிலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. சட்டம் கட்டாயப்படுத்தும் வரை காத்திராமல் இதைச் செய்யலாம்.

கிளையில் இருக்கும் தொடர்பு அதிகாரிக்கும் வாடிக்கையாளர் பார்க்கும் அதே திரையைக் கொடுங்கள். விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று இருவருக்கும் தெரிய வேண்டும். சில நிறுவனங்களோடு தொடங்கி, செயலியைப் பதிவிறக்கியவர்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, கடன் கேட்ட நாளுக்கும் பணம் கைக்கு வந்த நாளுக்கும் இடையிலான இடைவெளியையும், ஒரே ஆவணத்தை எத்தனை முறை கேட்டோம் என்பதையும் மாதந்தோறும் அளந்து, அந்த இரண்டும் குறைந்த பிறகே மற்ற வாடிக்கையாளர்களுக்கு விரிவுபடுத்துங்கள்.